சம்படம் திறக்குற சத்தம்: நொறுக்குத் தீனியும் மனக்கட்டுப்பாடும்

[காட்சி: இருட்டான சமையலறை. ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் மட்டும்.]

ராத்திரி பத்தரை மணி. வீட்டுல எல்லாரும் படுத்தாச்சு. நீங்க தண்ணி குடிக்கத்தான் சமையலறைக்கு வந்தீங்க. சத்தியமா தண்ணிக்குத்தான். ஆனா கை எங்க போகுதுன்னு பாருங்க. மேடை ஓரத்துல இருக்குற எவர்சில்வர் சம்படம். அதோட மூடியைச் சத்தம் வராம திறக்கறது ஒரு கலை. நகத்தை இடுக்குல விட்டு, ஒரு பக்கமா நெம்பி, கடைசியில 'டப்'னு வர்றதை உள்ளங்கையால அமுக்கணும். எனக்கு நல்லா வரும். பல வருஷப் பழக்கம்.

காலையில ரெண்டே இட்லி. மத்தியானம் அளந்து போட்ட சாதம். சாயங்காலம் நாலு கிலோமீட்டர் நடை. எல்லாம் ஒழுங்கா நடந்த நாள்லதான் ராத்திரி கால் சம்படம் மிக்சர் காலியாகும். மறுநாள் எடை மெஷின்ல ஏறினா முள்ளு அதே இடத்துல நிக்கும். உடனே வாயில வர்றது ஒரே வாக்கியம். "எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது."

இந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் நம்பினேன். இப்ப நம்பறதில்ல. ஏன்னு சொல்றேன்.

[திரையில்: பசி / வாய் நமநம]

முதல்ல ஒரு சின்ன விஷயம். நம்ம பேச்சுல இதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கு. ஒண்ணு பசி. இன்னொண்ணு 'வாய் நமநமங்குது'. பசி வயித்துல இருக்கு. பழைய சோறு குடுத்தாலும் அது அடங்கிடும். வாய் நமநமப்பு அப்படி இல்ல. அதுக்குப் பழைய சோறு குடுத்தா "வேண்டாம்"னு சொல்லும். அதுக்கு மொறுமொறுன்னு வேணும், உப்பு வேணும், எண்ணெய் வேணும். ராத்திரி கை சம்படத்துக்குப் போகும்போது உங்களையே கேட்டுப் பாருங்க: "இப்ப யாராவது ஒரு தட்டு தயிர் சாதம் குடுத்தா சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன்னா, பசி. போய்த் தட்டுல போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்க, தப்பே இல்ல. இல்லைன்னா அது வாய்.

சரி, மனக்கட்டுப்பாட்டுக்கு வருவோம்.

[காட்சி: ஒரு மேஜை. ஒரு பக்கம் சூடான சாக்லேட் பிஸ்கட், இன்னொரு பக்கம் பச்சை முள்ளங்கி.]

1998-ல ராய் பாமெய்ஸ்டர்ங்கற அமெரிக்க உளவியலாளரும் அவரோட சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. கல்லூரிப் பசங்களை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்துட்டு வரச் சொன்னாங்க. அறைக்குள்ள வந்தா, அப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்த பிஸ்கட் வாசனை தூக்குது. மேஜையில பிஸ்கட்டும் இருக்கு, முள்ளங்கியும் இருக்கு. சிலருக்கு "பிஸ்கட் சாப்பிடுங்க". வேற சிலருக்கு "முள்ளங்கி மட்டும்தான்". சாம்பார்ல போட்டது கூட இல்லைங்க, வெறும் பச்சை முள்ளங்கி. பாவம், அந்தப் பசங்கள்ல சிலர் பிஸ்கட்டைக் கையில எடுத்து மோந்து பார்த்துட்டுத் திரும்ப வெச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் எல்லாருக்கும் ஒரு புதிர். அதுக்கு விடையே கிடையாது, அது அவங்களுக்குத் தெரியாது. பிஸ்கட் சாப்பிட்டவங்க சராசரியா 19 நிமிஷம் முட்டி மோதினாங்க. முள்ளங்கிக் கூட்டம் 8 நிமிஷத்துல கையை விரிச்சிடுச்சு. இதுலேர்ந்துதான் ஒரு கருத்து உலகம் பூரா பரவிச்சு: மன உறுதிங்கறது டேங்க்ல இருக்கற பெட்ரோல் மாதிரி, காலையிலேர்ந்து செலவழிச்சா ராத்திரி காலி.

கேட்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. ராத்திரி மிக்சருக்குச் சரியான சாக்கு. ஆனா 2016-ல 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, ரெண்டாயிரத்துக்கும் மேல ஆட்களை வெச்சு, இந்தக் கருத்தை மறுபடி சோதிச்சப்போ விளைவுன்னு சொல்லும்படியா ஒண்ணும் தேறல. பெட்ரோல் டேங்க் கதை ஆட்டம் கண்டுடுச்சு. இன்னும் அதைப் பத்தி வாக்குவாதம் ஓடிட்டுதான் இருக்கு.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் 2012-ல வந்த ஒரு ஆய்வு. ஜெர்மனியில வூர்ட்ஸ்பர்க் நகரத்துல 205 பேர். கையில ஒரு கருவியைக் குடுத்து, ஒரு வாரத்துக்கு, நாளுக்குப் பல தடவை அது ஒலிக்கும். ஒலிச்சதும் "இப்ப உங்களுக்கு எது மேல ஆசை? அதை அடக்கப் பார்க்கறீங்களா?"ன்னு பதில் எழுதணும். நாம என்ன நினைப்போம்? கட்டுப்பாடு அதிகம் உள்ள ஆளு நாள் பூரா ஆசையோட மல்லுக்கட்டி ஜெயிப்பார்னு. நடந்தது நேர்மாறு. அவங்க ரொம்பக் கம்மியாத்தான் மல்லுக்கட்டறாங்க. அடக்க வேண்டிய ஆசை அவங்க முன்னாடி வந்து நிக்கறதே குறைவு. வேடிக்கை என்னன்னா, இந்த ஆய்வை நடத்தினவங்கள்ல அதே பாமெய்ஸ்டரும் ஒருத்தர்.

உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருப்பார். நாலு மணிக்கு எல்லாரும் பஜ்ஜிக்கு ஓடும்போது அசையாம உட்கார்ந்திருப்பார். அவரை இரும்பு மனசுக்காரர்னு நினைச்சிருப்போம். ஒரு நாள் அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பாருங்க. ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், காய், கொஞ்சம் சாதம். அந்த மனுஷனுக்கு நாலு மணிக்குப் பசியே இல்லைங்க!

[காட்சி: மதியச் சாப்பாட்டுத் தட்டு. மலை மாதிரி சாதம், நடுவுல குழி, சாம்பார்.]

நம்ம தட்டைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட பெரிய ஆய்வு ஒண்ணு 2025-ல வெளிவந்தது. நாம சாப்பிடுற கலோரியில சராசரியா 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்து வருது, புரதத்துலேர்ந்து சுமார் 12 சதவீதம்தான். ஒரு மணிக்குச் சாதமும் சாம்பாரும் அப்பளமும். சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு கேக்கலாம். உங்க தட்டுக்கு வந்த பருப்பைத் தனியா எடுத்துப் பாருங்க, ரெண்டு ஸ்பூன் தேறுமா? அந்தச் சாப்பாடு நாலு மணி வரைக்கும் தாங்காது. அந்த நேரம் பார்த்து டீக்கடையில வாழைக்காய் பஜ்ஜி எண்ணெய்ல விழுது. இதுல தோத்துட்டேன்னு அழறதுல அர்த்தமே இல்ல. ஆட்டம் ஒரு மணிக்கே முடிஞ்சுபோச்சு.

டீயையும் சொல்லிடறேன். ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா சுமார் 40 கலோரி. நாளுக்கு நாலு டீ, 160. மிக்சர் 100 கிராம்ல 500 கலோரிக்கு மேல இருக்கும். ஒரு கை அள்ளினா 30 கிராம், ஏறக்குறைய 150. அரை மணி நேரம் நடந்து நீங்க கரைச்சதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாலு கிலோமீட்டர் நடந்துட்டு வந்து அள்ளினா கணக்கு எங்க போய் நிக்கும்னு நீங்களே பார்த்துக்கங்க.

இன்னொரு பக்கம் உடம்பே நமக்கு எதிரா வேலை பார்க்குது. 2011-ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வுல, 50 பேரைப் பத்து வாரம் ரொம்பக் கம்மியான கலோரியில வெச்சு எடையைக் குறைச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பசியைத் தூண்டுற க்ரெலின்ங்கற ஹார்மோன் இன்னும் பழைய அளவுக்கு இறங்கல. அவங்களுக்கு முன்னைவிட அதிகமாவே பசிச்சுது. ஒரு வருஷம் கழிச்சும்! பட்டினி கிடந்து எடையைக் குறைச்சவங்க பலர் அப்புறம் திரும்ப ஏறி வந்து நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தூக்கமும் அப்படித்தான். 2004-ல சிகாகோவுல 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. பசி 24 சதவீதம் ஏறிச்சு. அதுவும் எது மேல? இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனைத் தள்ளிட்டுக் கிடந்துட்டு, மறுநாள் சமோசாவைப் பார்த்து மனசு தடுமாறுதுன்னா, அதுல மனசோட பங்கு கொஞ்சம்தான்.

தீனியோட பங்கு? பெரிசு. 2019-ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்ங்கறவர் 20 பேரை நாலு வாரம் உள்ளேயே தங்க வெச்சார். ரெண்டு வாரம் ஃபேக்டரியில தயாராகுற பாக்கெட் சாப்பாடு, ரெண்டு வாரம் சமைச்ச சாப்பாடு. பரிமாறினதுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் ஒரே அளவு. வேணுங்கற அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்கள்ல அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க. சுமார் ஒரு கிலோ ஏறிச்சு. சமைச்ச சாப்பாட்டுல அதே அளவு இறங்கிச்சு. ஆள் அதே, மனக்கட்டுப்பாடும் அதே. மாறினது தட்டு மட்டும்தான்.

[திரையில்: நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?]

இப்ப நான் அதிகமா அடிபட்ட இடத்துக்கு வரேன். ஒரு கல்யாணம். டயட்ல இருக்கேன்னு உறுதியாத்தான் போனேன். பந்தியில ஒரு ஜாங்கிரி வெச்சுட்டாங்க. சாப்பிட்டேன். சாப்பிட்டதும் மனசுக்குள்ள ஒரு குரல்: "கெட்டது கெட்டாச்சு, இன்னிக்கு ஒரு நாள் போகட்டும், திங்கக்கிழமையிலேர்ந்து ஆரம்பிப்போம்." அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.

நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, அதையே ஒரு சோதனையா 1975-ல பண்ணிப் பார்த்திருக்காங்க. சிலருக்கு முதல்ல மில்க் ஷேக் குடுத்தாங்க, சிலருக்குக் குடுக்கல. அப்புறம் எல்லாருக்கும் ஐஸ்க்ரீம், எவ்வளவு வேணா சாப்பிடலாம். சாதாரண ஆட்கள் மில்க் ஷேக் குடிச்சிருந்தா ஐஸ்க்ரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. டயட்ல இருந்தவங்க? மில்க் ஷேக் குடிச்ச பிறகுதான் ஐஸ்க்ரீமை வெளுத்து வாங்கினாங்க. ஒரு ஜாங்கிரி என்னைக் கெடுக்கல. அதுக்குப் பின்னாடி வந்த ஆறு நாள்தான் கெடுத்துச்சு. அதனால நான் இப்ப வெச்சிருக்கற விதி இவ்வளவுதான்: அடுத்த வேளை சாதாரண வேளை. தண்டனைப் பட்டினியும் இல்ல, திங்கக்கிழமையும் இல்ல.

[காட்சி: முறுக்கு பிழியுற அம்மாவோட கை.]

நம்ம வீடுகள்ல இன்னொரு சிக்கல் இருக்கு. அதை எந்த ஆய்வுக்கூடத்துலயும் அளக்க முடியாது. அம்மா. "இளைச்சுப் போயிட்டியேடா"ங்கறதுதான் ஆரம்பம். வேண்டாம்மான்னா, "அப்ப யாருக்காகச் செஞ்சேன்?" இதுக்கு எந்த மன உறுதியும் பதில் சொல்லாது. சாப்பாட்டை மறுக்கறது இங்க ஆளையே மறுக்கற மாதிரி. நான் பல மாசம் சண்டை போட்டுப் பார்த்தேன், வீட்டுல மனஸ்தாபம்தான் மிச்சம். அப்புறம் ஒரு நாள் வேற மாதிரி கேட்டேன். "அம்மா, நாலு மணிக்கு ஆபீஸ்ல சாப்பிட எனக்குச் சுண்டல் வேணும். கடையில வாங்கினா நல்லா இல்ல." அவ்வளவுதான். திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் தட்டப்பயறு, புதன் பச்சைப்பயறு, மாங்காய் போட்டு, தேங்காயைக் குறைச்சு. அவங்களுக்கு வேண்டியது நான் அவங்க கையால சாப்பிடணும், அவ்வளவுதானே. ஆபீஸ்ல நாலு மணி பஜ்ஜி தானா நின்னுபோச்சு.

ஒரு வார்த்தை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க வேளையைத் தவிர்க்கறது, இடைத்தீனியை நிறுத்தறது எல்லாத்தையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். ஒரே மூச்சுல அளவே தெரியாம சாப்பிட்டு, அப்புறம் குற்ற உணர்ச்சியில துடிக்கறது அடிக்கடி நடக்குதுன்னா அதுக்கும் மருத்துவ உதவி இருக்கு. அதைச் சோம்பேறித்தனம்னு விட்டுடாதீங்க.

எடை குறைக்கற ஊசிகள் பத்திக் கேக்கறீங்க. 2025-ல இந்தியாவுக்கு வந்தாச்சு. அது தனி வீடியோ. ஒண்ணு மட்டும் சொல்றேன். ஊசி போட்டுக்கறவங்க பலர் சொல்றது, "தலைக்குள்ள சாப்பாட்டைப் பத்தி ஓயாம கேட்டுக்கிட்டிருந்த பேச்சு நின்னுடுச்சு"ன்னு. ஒரு மருந்தால நிக்கக்கூடிய பேச்சை இத்தனை வருஷமா நாம குணக்கேடுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கோம்.

கடைசியா சம்படத்துக்கு வரேன். 1970 வாக்குல ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷெல் குழந்தைங்களை வெச்சுப் பண்ணின சோதனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்பவே வேணும்னா அவ்வளவா பிடிக்காத தின்பண்டம், காத்திருந்தா ரொம்பப் பிடிச்சது. அதுல எல்லாரும் மறக்கற ஒரு விஷயம் இருக்கு. தின்பண்டம் கண்ணுக்குத் தெரியாம இருந்தப்போ குழந்தைங்க பல நிமிஷம் கூடுதலா காத்திருந்தாங்க. குழந்தை மாறல, தின்பண்டம் இருந்த இடம் மாறிச்சு.

நானும் இடத்தை மாத்தினேன். அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுடுவாங்க, அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆனா சம்படம் இப்ப பரண்ல இருக்கு. எடுக்கணும்னா ஏணி வேணும். ஏணி மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. பழைய இரும்பு ஏணி, இழுத்தா தெருவே எழுந்துக்கும். ராத்திரி பத்தரை மணிக்கு அந்தச் சத்தத்தை அமுக்கற கலை எனக்கு இன்னும் கைவரல.

[காட்சி: இருட்டு. ஏணி இழுபடுற சத்தம். உள் அறையிலேர்ந்து அம்மா குரல்: "யாரு அது?"]