கொழுப்பின் தரப்பில் சில வார்த்தைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒருவரைத் திட்ட வேண்டுமானால் "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்கிறோம். அந்த அளவுக்கு நம் பேச்சிலேயே கொழுப்புக்குக் கெட்ட பெயர். இன்று நான் அதன் தரப்பில் பேச வந்திருக்கிறேன்.

உடலில் கொழுப்புத் திசுவே இல்லாவிட்டால் சர்க்கரை நோய் அண்டாது என்று நினைக்கிறீர்களா? ஏறக்குறைய அப்படியே பிறப்பவர்கள் இருக்கிறார்கள். லிப்போடிஸ்ட்ரஃபி என்ற அரிய நோய் அது. ஆள் மெலிந்திருப்பார், ஆனால் கடுமையான சர்க்கரை நோய் வந்துவிடும். தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிவதுதான் காரணம். கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அல்ல. அது உடலின் மற்ற உறுப்புகளுக்குச் சேதி அனுப்புகிறது. 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்த, பசியை அடக்கச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் அப்படி ஒரு சேதிதான். ஆனால் லெப்டின் ஒரு புரதம். கொழுப்பு மூலக்கூறே தூது போகுமா?

இங்கேதான் ஓர் எலியின் கதை வருகிறது. சர்க்கரை நோய் ஆய்வாளர் பார்பரா கானின் ஆய்வகத்தில், கொழுப்புத் திசுவில் மட்டும் குளூட்-4 என்ற, செல்லுக்குள் குளுக்கோஸைக் கொண்டுசெல்லும் புரதம் அளவுக்கு மீறி உருவாகும்படி மரபணுவை மாற்றிய எலிகள் இருந்தன. அவை குண்டாக இருந்தன. ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சாதாரண எலிகளைவிட நன்றாகவே சமாளித்தன. பருமன் வந்தால் சர்க்கரை ஏறும் என்ற கணக்கு இங்கே பொய்த்தது. ஏன்? வேதியியலாளர் அலன் சகாதெலியனும் கானும் சேர்ந்து அந்தத் திசுவின் கொழுப்புகளை அலசினார்கள். அதுவரை யாரும் அறியாத ஒரு கொழுப்பு வகை அகப்பட்டது. பாஹ்சா என்ற அதன் ஒரு பிரிவு, அந்த எலிகளின் கொழுப்புத் திசுவில் 16 முதல் 18 மடங்கு கூடியிருந்தது. 2014இல் இது வெளியானது.

அந்த ஆய்வின் இன்னொரு பகுதிதான் என்னை அதிகம் தொட்டது. இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத உடல் கொண்ட மனிதர்களின் ரத்தத்திலும் தோலடிக் கொழுப்பிலும் பாஹ்சா குறைந்திருந்தது. பருத்த எலிகளுக்கு அதை வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது. இன்சுலினும், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனும் கூடின. கொழுப்புத் திசுவின் அழற்சி தணிந்தது. இன்று உலகமே பேசும் எடைக்குறைப்பு ஊசிகள் பாவனை செய்வது இதே ஜிஎல்பி-1ஐத்தான்!

உடனே மாத்திரை எங்கே என்று கேட்பீர்கள். பொறுங்கள். பின்னர் இதே சோதனையைச் செய்த வேறொரு குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எந்த எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார்கள் என்பது வரை வாதம் நடந்தது. அந்த வாதம் எனக்கு ஏமாற்றம் தரவில்லை. மருந்து என்று பெயர் சூட்டுவதற்கு முன் நடக்க வேண்டிய சண்டை அது.

மருந்தாக ஏற்கெனவே மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த வேறொரு கொழுப்பின் கதையைச் சொல்கிறேன். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களில் ஒன்றான இபிஏவைத் தூய்மைப்படுத்தி, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடிய 8,179 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் பாதிப் பேருக்குத் தினம் 4 கிராம் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைவு. அடுத்து இபிஏவும் டிஹெச்ஏ என்ற இன்னோர் ஒமேகா-3 கொழுப்பமிலமும் கலந்து, அதே 4 கிராம் அளவில், 13,000 பேருக்கு மேல் கொண்ட மற்றோர் ஆய்வு. பலன் தெரியவில்லை என்று 2020இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். முதல் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே அவர்களுக்குக் கெடுதல் செய்து, மருந்தை நல்லதாகக் காட்டியதோ என்ற சந்தேகமும் எழுந்தது. இரண்டு ஆய்விலுமே இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சற்றுக் கூடியது.

ஆகவே, கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையை விழுங்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில்: பலன் தெரிந்த அந்த முதல் ஆய்வில் கொடுத்தது மருத்துவர் சீட்டில் எழுதும், அளவு குறித்த, தூய்மையான மருந்து. உங்கள் கையில் இருப்பது அதுவல்ல. உங்கள் டிரைகிளிசரைடு எவ்வளவு, இதயத் துடிப்பு எப்படி என்று பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

நன்றி.