அந்த வாரத்து மாத்திரையை மறந்துடாதீங்க: எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்தும் தடுப்பூசியும்

[திரையில்: ஏழு கட்டம் போட்ட மாத்திரை டப்பா, ஒரே ஒரு கட்டத்துல சின்னதா மஞ்சள் மாத்திரை]

ஊசி போட சட்டைக் கையை மடிச்சாச்சு, நர்ஸ் கேக்குறாங்க, "வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?" நாமளும் பட்டுனு "ப்ரெஷர் மாத்திரை மட்டும்தாங்க"ன்னுடுவோம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருதடவை மட்டும் போடுற, எதிர்ப்பு சக்தியை அடக்குற இந்த மெத்தோட்ரெக்ஸேட் நெனப்புலயே இருக்காது, ஆனா அவங்க கேட்டதே இதுக்குத்தான்.

ஏன்னா சில தடுப்பூசில உயிருள்ள கிருமியையே பலவீனமாக்கி வச்சிருப்பாங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடுறது), சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், மூக்குல அடிக்கிற ஃப்ளூ ஸ்ப்ரே எல்லாம் அந்த ரகம். எதிர்ப்பு சக்தியை மருந்து கட்டிப்போட்டிருக்கும்போது அந்த நோஞ்சான் கிருமியே பெருகி நோயாயிடலாம், அதனால பொதுவா வேண்டாம்னுடுவாங்க, தேவைன்னா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு நாலு வாரம் முன்னாடியே போட்டுக்கணும். ஸ்டீராய்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு, பெரியவங்க ப்ரெட்னிசோலோன் தினமும் 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ ரெண்டு வாரமா எடுத்தா இந்த லிஸ்ட்ல வந்துடுவாங்க.

ஃப்ளூ ஊசி, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி, இப்ப போடுற கொரோனா ஊசி இதெல்லாம் வேற. உள்ள போய் பெருகுற கிருமியே இதுல கிடையாது, மிஞ்சிப்போனா பலன் கம்மியாகும், அவ்ளோதான். இதையும் பயந்து தள்ளிப்போடுறவங்களை பாத்தாதான் எனக்கு வருத்தம், நோய் வந்தா அதிகமா படப்போறதே அவங்கதானே. அக்கி ஊசி நமக்கு ஆகாதுன்னு இன்னும் சொல்லுவாங்க, அது பழைய ஊசியோட கதைங்க, 2017ல வந்த ஷிங்ரிக்ஸ்ல உயிருள்ள வைரஸ் இல்ல.

[திரையில்: காலண்டர்]

இனி தேதி. மூட்டுவாதத்துக்கு ட்ரிப்ஸ்ல ஏத்துற ரிடுக்சிமாப்ங்கிற மருந்து, ஆன்டிபாடி உண்டாக்குற பி செல்களையே காலி பண்ணிடும், திரும்பி வர ஆறு மாசத்துக்கு மேலகூட ஆகும், டோஸ் ஏத்தின கையோட தடுப்பூசி போட்டா ஆன்டிபாடி பெருசா வராது. அதான் அடுத்த டோஸ் நெருங்குற நேரத்துல ஊசியைப் போட்டு, ரெண்டு வாரம் கழிச்சு டோஸ் ஏத்துவாங்க. ஃப்ளூ ஊசி மட்டும் காத்திருக்காது, சீசன்ல எப்ப கிடைக்குதோ அப்ப போட்டுடணும். மெத்தோட்ரெக்ஸேட்டை ஃப்ளூ ஊசிக்கப்புறம் ரெண்டு வாரம் நிறுத்தலாம்னு அமெரிக்க மூட்டுநோய் டாக்டர்கள் சங்கம் 2022 வழிகாட்டுதல்ல சொல்லுது, அதுவும் நோய் அடங்கியிருந்தா மட்டும்தான், டாக்டரை கேட்டுட்டுதான். கிட்னி மாத்தினவங்க இதைக் கேட்டுட்டு தானா ஒரு வேளை மாத்திரையைக்கூட விட்டுடாதீங்க, வச்ச கிட்னியையே உடம்பு தள்ள ஆரம்பிச்சிடும்.

வீட்ல மத்தவங்க எம்எம்ஆர், சின்னம்மை ஊசி தாராளமா போடலாம், போட்டா உங்களுக்கும் காவல். சின்னம்மை ஊசி போட்டவங்களுக்கு உடம்புல கொப்புளம் வந்தா அது ஆறுற வரைக்கும் தள்ளி இருங்க. கைக்குழந்தைக்கு ரோட்டா (வயித்துப்போக்கு வைரஸ்) தடுப்பு சொட்டு விட்டிருந்தா, அதுல இருக்குற உயிருள்ள வைரஸ் மலத்துல வரும், அதனால டயபர் மாத்துற வேலையை ஒரு மாசத்துக்கு வேற யார்கிட்டயாவது தள்ளிடுங்க, வேற ஆள் இல்லன்னா சோப்பு போட்டு கையை நல்லா கழுவுங்க.