வலிக்காத கட்டி

அன்பர்களே, நாக்கின் நுனியை மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால் வைத்துத் தடவுங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படுகிறதா? பயம் வேண்டாம், அது எல்லோருக்கும் உண்டு. நாக்கின் பின்கோடியில் 8 முதல் 12 வரை தடித்த மொட்டுகள் வரிசையாக இருக்கும், அவையும் இயல்பானவையே. அவற்றைக் கண்ணாடியில் பார்த்துத் தூக்கம் கெட்டு ஓடி வருபவர்களை நான் கடிந்துகொண்டதே இல்லை. வாய்க்குள் பார்த்தார்களே, அதுவே பெரிது.

என் கவலையெல்லாம், "கட்டி இருக்கிறது டாக்டர், ஆனால் வலி இல்லை" என்று மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களைப் பற்றித்தான்.

ஈறில் பரு போலக் கொப்புளம் எழும். ஒருநாள் அது உடைந்து சீழ் வடியும், வாய் உப்புக் கரிக்கும், அதுவரை உயிரை எடுத்த வலி சட்டென்று அடங்கும். ஆறிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். உள்ளே நடப்பது வேறு. பல்லின் நரம்பு செத்து, வேர் நுனியில் சேர்ந்த சீழ் எலும்பை அரித்து வெளியே வழி கண்டிருக்கிறது. வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்ய வேண்டும், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும். மாத்திரையால் மட்டும் அது தீராது.

கீழுதட்டின் உட்புறம் கடிபட்டு, உமிழ்நீர் தேங்கி, நீலம் பாய்ந்து எழும் கொப்புளம் பெரும்பாலும் ஆபத்தற்றது. தயவுசெய்து ஊசியால் குத்தாதீர்கள், மறுபடியும் நிறையும்.

வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. புகையிலை, பாக்கு, மது பழக்கம் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல்; எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் அது வருவதுண்டு. சாதாரண வாய்ப்புண் 2 வாரத்தில் ஆறிவிடும். கட்டியோ, புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ 3 வாரம் கடந்தும் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கின் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் குறிப்பாகப் பாருங்கள். கட்டி கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, உதடு மரத்துப்போனாலோ 3 வாரம் வரை பொறுக்க வேண்டாம்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று திசுப் பரிசோதனைக்கு அஞ்சி வீட்டுக்குத் திரும்புபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுப்பதுதான் அது. அந்தத் துளி இல்லாமல் நோயை உறுதி செய்ய எங்களுக்கு வேறு வழி இல்லை.

நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம். நள்ளிரவானாலும் நேராக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.