லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்! டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், "இந்த வருஷம் பைபிளை முழுசா வாசிச்சு முடிக்கணும்" என்று தீர்மானம் எடுக்காதவர்கள் நம் சபைகளில் குறைவு. பிப்ரவரியில் அந்தத் தீர்மானத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆவிக்குரிய சோம்பல் என்பார்கள். எனக்கென்னவோ பாதிக்கு மேல் கணக்குக் கோளாறு என்றுதான் தோன்றுகிறது.

பாருங்கள், நம் புராட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரம். ஒரு வருஷத்தில் முடிக்க, நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் ஜோராகப் போகும். யோசேப்பு கதையை யார் பாதியில் வைப்பார்கள்? அடுத்த புத்தகம் யாத்திராகமம். 25-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதிக்கப் போட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் விவரம் ஆரம்பிக்கும். சீத்திம் மரப் பலகை, வெள்ளிப் பாதம், கொக்கி... ஜனவரி கடைசியில் மூன்றாம் புத்தகமான லேவியராகமம், பலிகளும் ஆசாரியருக்கான சட்டங்களும். இடையில் நாலு நாள் விட்டுப்போனால் 13 அதிகாரம் பாக்கி. ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அதை வாசிக்க உட்கார்ந்தால்... சரி, விடுங்கள்.

புதிய ஏற்பாட்டில் தொடங்குங்கள். 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் சரியாக 52 வாரம். கத்தோலிக்க பைபிளில் பழைய ஏற்பாடு கொஞ்சம் பெரிது, ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு அந்த நண்பர்களுக்கும் இதே கணக்குதான். சனி, ஞாயிறு காலி. விட்டுப்போனதை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் மாற்கு சுவிசேஷம். மத்தேயு வம்ச வரலாற்றோடு ஆரம்பிக்கும், புதிதாக வருகிறவர் அங்கேயே சோர்ந்துவிடுவார். மாற்கு 16 அதிகாரம்தான். வாய்விட்டு வாசியுங்கள், அப்போதுதான் கண் தாவாது. 4-ஆம் அதிகாரத்தில் புயல், படகு முழுக்கத் தண்ணீர். இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே புயலைச் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்லவில்லை. கடகடவென்று ஓட்டினால் இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது?

அதிகாலை நாலு மணிக்குத்தான் எழ வேண்டும் என்று சட்டம் இல்லை. நைட் ஷிப்ட் போகிறவர் என்ன செய்வார்? காபி குடித்த கையோடு வாசிக்கலாம், பஸ்ஸில் ஆடியோவாகவும் கேட்கலாம். வாட்ஸப்பில் வரும் வசனப் படம் மட்டும் கணக்கில் சேராது, மன்னிக்கவும்.

அப்புறம், லேவியராகமத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 9-இல் அதே கூடாரம், குத்துவிளக்கு, பிரதான ஆசாரியர் எல்லாம் வரும். அதை வாசித்துவிட்டு லேவியராகமத்துக்குப் போனால் பலிகள் எதற்கென்று பிடிபடும்.

லூக்கா 1 வந்தால் மிரளாதீர்கள், 80 வசனம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை இருக்கிறதே.