வளவைத் திறக்கும் நாள்

பெரியவர்களே, ஆச்சிமார்களே, வழிகாட்ட முன்வந்திருக்கும் இளைஞர்களே,

பூட்டிக் கிடக்கும் நம் செட்டிநாட்டு வீடுகளை, குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து பார்க்க ஒரு நாள் திறந்துவிட மார்கழியைத் தேர்ந்தது நல்ல முடிவு. அந்த மாதம் கல்யாணம் இல்லை, வீடு ஓய்வாக இருக்கும். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை வருகிறது. பிள்ளையார் நோன்பன்று மட்டும் வேண்டாம். அன்று வீட்டுக்காரர்களே கூடுவார்கள்.

முதல் வேலை, பங்காளிகள் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்குவது. சாவி வைத்திருப்பவர் தலையசைத்தால் போதாது. வெளியூரில் இருக்கும் ஒருவரைக் கேட்காமல் விட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கதவு திறக்காது. சாமி அறையும், புள்ளிகளின், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதியரின், அறைகளும் பூட்டியே இருக்கட்டும். முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டு, அடுப்படி போதும். மச்சுக்கு யாரையும் ஏற்றாதீர்கள். செங்குத்தான பழைய மரப்படியில் குழந்தைகள் இறங்கும்போதுதான் விழுவார்கள். கிணற்றுக்கு முதல் நாளே கம்பி வலை போட்டுவிடுங்கள்.

கோயில் நடை உச்சிக்குப் பின் சாத்திவிடுவார்கள். ஆகவே காலையில் கோயில், பத்து மணிக்கு மேல் வீடு. ஒரு குழுவில் பதினைந்து பேர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருபவர்தான் முக்கியம், சுவரில் கை வைப்பதை அவர்தான் பார்க்கிறார். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து இழைத்த பூச்சில் வியர்வையும் எண்ணெயும் பட்டால் கறை இறங்கிவிடும். அறிவிப்புத் தாளையும் சுவரில் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது மெருகு பெயர்ந்துவிடும். ஒரு பலகையில் சாய்த்து வையுங்கள். தொட ஆசைப்படும் குழந்தைக்கு, உதிர்ந்த பூச்சுத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

தரையைப் பளபளப்பாக்க ஆசிட் ஊற்றும் பழக்கத்தை, கைகூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். நம் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, பிறகு ஈரக்காரை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது. ஆசிட் பட்டால் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணி போட்டால் போதும். ஈரம் நின்றால் வெறுங்கால் வழுக்கும்.

பிள்ளைகளிடம், செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். வளவு வாசலில், அதாவது திறந்த நடுமுற்றத்தில், நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நாலா பக்கத்து ஓட்டுச் சரிவும் ஏன் உள்நோக்கி இருக்கிறது, மூலைத் துவாரத்தில் இறங்கும் நீர் எங்கே போகிறது என்று அவர்களே தேடட்டும். தெருவில் இறங்கி ஊருணி வரை நடக்கட்டும். முதல் நாளே அந்தத் துவாரத்தில் அடைத்த சருகையும் புறாக் கூட்டுக் குச்சிகளையும் எடுத்துவிடுங்கள். சாலை போட்டபோது வடிகால் அடைபட்டிருந்தால், அந்த இடத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். பெற்றோருக்கும் அது தெரியவேண்டும்.

பழைய வீட்டின் கழிப்பறை கடைசிக் கட்டுக்கு அப்பால் இருக்கும். அதனால் தெருவிலேயே தனி ஏற்பாடு வேண்டும். மோரும் தண்ணீரும் திண்ணையோடு நிற்கட்டும், உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஐந்து மணிக்கு மேல் புதிய குழு வேண்டாம். ஒவ்வொரு கட்டாகப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, தாழ்ப்பாள் போட்டு, தலைகளை எண்ணி, சாவியை அன்றிரவே வீட்டுக்காரரிடம் சேர்த்துவிடுங்கள்.