மேல்முறையீட்டுக்குப் போகாதவர்

நேயர்களுக்கு வணக்கம். கடைமடையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தகராறு புதிதல்ல. இரவில் மதகுப் பலகையைத் தூக்கியது யார் என்று தொடங்கும் பேச்சு வெட்டுக்குத்தில் முடிகிறது. அண்ணன் முதல் எதிரி, தம்பி இரண்டாம் எதிரி என்று வைத்துக்கொள்வோம்; எதிரி என்றால் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். இருவருக்கும் ஒரே தண்டனை. நகையை அடகு வைத்து அண்ணன் மட்டும் மேல்முறையீடு செய்கிறார், தண்டனை குறைகிறது. அதே சாட்சி, அதே பங்கு, ஆனால் தம்பி மட்டும் திருச்சி மத்திய சிறையில் முழுக் காலத்தையும் கழிக்கிறார். எனக்கு நெடுங்காலமாக இந்தத் தம்பியைப் பற்றித்தான் கவலை.

வெட்டியவருக்கும் உடன் நின்றவருக்கும் ஒரே தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பங்கு வேறென்றால் தண்டனையும் வேறாகலாம். காரணமே இல்லாமல் வேறாவதுதான் அநீதி.

ஹர்பன்ஸ் சிங் வழக்கை நான் எல்லா மேடைகளிலும் சொல்வேன்; இங்கும் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நால்வர் கொலை. மூவருக்குத் தூக்கு. மூவரின் பங்கும் ஒன்றுதான். ஆனால் மனுக்கள் வெவ்வேறு காலத்தில், உச்ச நீதிமன்றத்தின் வெவ்வேறு அமர்வுகளுக்கு, அதாவது வெவ்வேறு நீதிபதிகள் குழுவுக்குப் போயின. ஒருவர் மனு 1976இல் தள்ளுபடி. இன்னொருவர் சிறையிலிருந்தே மனு அனுப்பினார்; 1977இல் அவருடைய தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங். அவர் மனுவும் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6 அன்று முதலாமவரைத் தூக்கிலிட்டார்கள். ஆம், அதே பங்கு, அதே வழக்கு! அன்றே தூக்கிலிடப்படவிருந்த ஹர்பன்ஸ் சிங் மட்டும், அடிப்படை உரிமையைக் காக்கக் கோரும் ரிட் மனுவால் தப்பினார். 1982இல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு, அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. தூக்கிலிடும் முன், உடன் தண்டிக்கப்பட்டவருக்குத் தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளரே விசாரித்தறிய வேண்டும் என்றும் சொன்னது. ஓர் உயிர் போன பிறகு வந்த விதி அது.

2023இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே சாட்சியம், ஒரே பங்கு என்றால், மேல்முறையீடு செய்தவரைப் போலவே, மேல்முறையீட்டுக்கே வராதவருக்கும் விடுதலை தந்தது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விரைவாகச் சொல்கிறேன். கொலை போன்ற பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட் விதித்த சிறைத் தண்டனையை எதிர்த்து 60 நாளில் உயர் நீதிமன்றம் போக வேண்டும்: தஞ்சாவூர், திருச்சி என்றால் மதுரைக் கிளை, திருவாரூர், நாகை என்றால் சென்னை. தாமதமானாலும் காரணம் காட்டி மனுச் செய்யலாம். உடன் தண்டிக்கப்பட்டவரின் தீர்ப்பு நகலையும் சேர்த்துக் கொடுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 15100. மீண்டும் சொல்கிறேன், 15100. வணக்கம்.