கை பட்ட இடமே கதவின் அழகு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'பழைமையான வீடுகளின் கதவுகள் நம்மைக் கவர்வது அவற்றின் வேலைப்பாட்டினாலா, அவற்றில் படிந்திருக்கும் புழக்கத்தினாலா?' என்பது இன்றைய தலைப்பு. புழக்கத்தினாலேதான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள சான்சிபார் தீவில் 'கல் நகரம்' எனப்படும் பழைய ஊரின் கதவுகளை, அவற்றின் செதுக்கலையும் பித்தளைக் குமிழ்களையும், மிக அழகாக வருணித்தார். யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ஊர் அது. அதன் கதவுகளின் அழகை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அங்கே தச்சரின் உளி அதிகம் விளையாடியிருப்பது நிலைக்கால்களிலும், மேல்விட்டத்திலும், இரட்டைக் கதவுகள் சேருமிடத்து நடுச்சட்டத்திலும்தான். அன்றாடம் திறந்து மூடப்படும் பலகைகள் பெரும்பாலும் செதுக்கலின்றியே விடப்பட்டிருக்கும். ஆக, கதவைப் பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு அவர் பாதி நேரம் நிலையைத்தான் பாராட்டியிருக்கிறார்.

வேலைப்பாடே இல்லாத ஒரு கதவைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டில் சூரிக் நகரில் வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்காகத் தோண்டிய இடத்தில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மரக்கதவு ஒன்று கிடைத்தது. பாப்லர் மரப் பலகைகளைத் திறமையாக இணைத்துச் செய்த, வீட்டுக்குள் குளிர்காற்று புகாமல் காத்த கதவு அது. பூ, கொடி, யாளி என்று எதுவும் அதில் இல்லை. ஆனாலும் அதன் கீல் பகுதி சிதையாமல் இருந்தது என்று கேட்டதும் நம் மனம் அங்கேதான் போய் நிற்கிறது, ஏனெனில் யாரோ திறந்து மூடியதற்கான தடயம் அது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலுள்ள ஓக் கதவும் அப்படியே. மர வளையங்களை ஆராய்ந்து, அது 1050களில் செய்யப்பட்டது, பிரிட்டனின் மிகப் பழைய கதவு அதுவே என்று 2005இல் அறிவித்தார்கள். வீட்டுக் கதவைப் பேசச் சொன்னால் மடாலயத்துக்குப் போகிறாரே என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. கதவு கதவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒட்டிக்கிடந்த தோல் துணுக்கு, கொள்ளையடிக்க வந்தவனின் தோலை உரித்துப் பதித்தது என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. ஆராய்ந்தபோது அது வெறும் மாட்டுத்தோல் என்று தெரிந்தது. கதை பொய்தான், ஆனால் மக்கள் அந்தக் கதையைக் கட்டுவதற்குக் காரணமாக இருந்தது ஒரு பழைய துணுக்கு, சிற்ப வேலை அன்று.

இனி எந்த ஊரின் பழைய வீட்டுக் கதவையும் ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். தாழ்ப்பாளுக்கு அருகே உள்ளங்கை அகலத்துக்கு மரம் பளபளத்து, விரலால் தடவினால் உணரக்கூடிய அளவுக்குக் குழிந்திருக்கும். இரட்டைக் கதவானால் அந்தக் குழிவு பெரும்பாலும் ஒரு கதவில்தான் ஆழமாக இருக்கும்; மற்றதைத் தேவைப்பட்டபோது மட்டும் திறந்தார்கள் என்பது அதிலிருந்தே விளங்கும். சாவித் துளைக்குக் கீழே பிறை வடிவில் மெல்லிய கீறல்கள் தெரியும். கொத்தில் தொங்கிய மற்றச் சாவிகள் ஒவ்வொரு முறையும் உரசியதால் விழுந்தவை அவை. சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிக்குள் பசையின்றிச் செருகப்பட்ட நடுப்பலகையின் ஓரத்தில், வறண்ட பருவத்தில் மட்டும் சாயம் படாத ஒரு வெளிர்க்கோடு வெளிப்படும்: மரம் தன் அகலவாக்கில் சுருங்கும், ஈரக்காற்றில் மீண்டும் விரியும், அந்த அசைவுக்கு இடம் வைத்துத்தான் தச்சர் பலகையைக் கட்டிப்போடாமல் விட்டார். இதுவும் வேலைப்பாடுதானே என்று எதிரணி கேட்கலாம். வேலைப்பாடுதான், ஆனால் கதவு பருவங்களைக் கண்டு பழகிய பிறகே நம் கண்ணுக்குத் தெரிகிற வேலைப்பாடு.

'தேய்மானம்தான் அழகு என்றால் ஓட்டை வாளியும் அழகுதானே?' என்று எதிரணியின் இளைய பேச்சாளர் கேட்டதற்கு அவை சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் புழக்கத்தையும் புறக்கணிப்பையும் ஒன்றாக்கிவிட்டார். மழைநீர் தேங்கிக் கதவின் அடிச்சட்டம் உளுத்துப்போவது கவனிப்பாரில்லாத குறை. அந்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தைப் பொருத்தி இணைப்பதே நல்ல தச்சர் செய்யும் வேலை. கைபட்டு வந்த மெருகு அத்தகைய குறையன்று. எதிரணி சொல்வதைப் போலச் செதுக்கலைத் துலக்குவதற்காகக் கதவைக் காரக் கரைசலில் முக்கினால் மரத்தின் நார் எழும்பிப் பொருத்துகளும் தளர்ந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ உடலுக்கே கேடு, ஏனெனில் பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்கா வீட்டுச் சாயங்களில் ஈயத்துக்குத் தடை விதித்ததே 1978இல்தான்.

கதவைக் கழற்றிக் காட்சிக்கூடத்துச் சுவரில் மாட்டினாலும் அழகு குறையாது என்றும் ஒருவர் பேசினார். நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கு வழிகாட்டும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், கட்டடத்தோடு ஒன்றிய சிற்பத்தையும் அலங்காரத்தையும் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோது மட்டுமே அகற்றலாம் என்கிறது. செதுக்கல் வேலைக்கே அதன் இடம் அவ்வளவு முக்கியம் என்றால், திறப்பதற்கென்றே பிறந்த கதவை எங்கே வைப்பது என்பதை நடுவரே சொல்லட்டும்.

கடைசியாக, பழங்கதவு போலத் தோன்றும் போலிக் கதவைச் செய்பவரையே எங்கள் அணிக்குச் சாட்சியாக அழைக்கிறேன். செதுக்கலை இன்று கணினி வழி இயங்கும் இயந்திரம் எளிதாகப் பிரதி எடுத்துவிடுகிறது. ஆயினும் அது போதாதென்று அவர் புதுமரத்தைச் சங்கிலியால் அடிக்கிறார், கம்பித் தூரிகையால் கீறுகிறார், சாயம் தேய்த்துக் கறுப்பாக்குகிறார். வாங்குபவர் எதற்காக மயங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் அகப்பட்டுக்கொள்கிறார், ஏனெனில் அவருடைய தேய்மானம் கை எட்டாத உச்சியிலும், கீல் ஓரத்திலும், தாழ்ப்பாள் அருகிலும் ஒரே அளவில் பரவியிருக்கும். நடுவர் அவர்களுக்குத் தீர்ப்பில் ஐயம் இருந்தால், அப்படிப்பட்ட கதவொன்றையும் அசல் கதவொன்றையும் அருகருகே நிறுத்தி, செதுக்கலைத் துணியால் மூடிவிட்டு, தாழ்ப்பாளைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் தடவிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.